குழாய்த் தண்ணீர் கறுப்பாக மாறும் "மாயம்" என்ன? வீட்டுக்கு வீடு நடக்கும் வித்தை! எந்தத் தண்ணீருக்கு எது மருந்து?

சென்னை:-

அழைப்பு மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் வாசலில் ஒரு வாலிபர். கழுத்தில் "டை". கையில் பெட்டி. முகம் நிறைய சிரிப்பு.

"அம்மா, இலவசமா தண்ணி டெஸ்ட் பண்ணித் தர்றோம். வாங்கணும்னு கட்டாயம் இல்லை. 5 நிமிஷம் போதும்."

இலவசம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? வீட்டுக்கார அம்மாள் ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர் கொண்டு வருகிறார். வாலிபர் தன் பெட்டியில் இருந்து இன்னொரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைக்கிறார். அது அவர் விற்கும் இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர். இரண்டு டம்ளரிலும் கம்பிகளை விட்டு "சுவிட்ச்" போடுகிறார்.

அவ்வளவுதான்! குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சள் ஆகிறது. பிறகு பழுப்பு. பிறகு சாக்கடை போல கறுப்பு. மேலே அழுக்கு நுரை வேறு. பக்கத்து டம்ளரில் உள்ள தண்ணீரோ அப்படியே பளிங்கு போல இருக்கிறது.

"ஐயய்யோ! இதையா இத்தனை நாளா குழந்தைகளுக்குக் குடுத்தீங்க?"

அம்மாளுக்கு வயிற்றைப் பிசைகிறது. மாலையில் கணவர் ஆபீசில் இருந்து வந்ததும் முதல் பேச்சு அதுதான். மாதத் தவணைக்குக் கையெழுத்து ஆகிறது.

சென்னை நகரத்துத் தெருக்களிலும், அடுக்கு மாடிக் குடியிருப்புகளிலும் பல ஆண்டுகளாக நடந்து வரும் நாடகம் இது.

கறுத்தது தண்ணீரா, கம்பியா?

அந்த டம்ளரில் கறுப்பு நிறம் வந்தது தண்ணீரில் இருந்து அல்ல. கம்பியில் இருந்து!

உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும். அப்படி ஓடும்போது இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த இரும்புதான் துருவாகி, பச்சை, பழுப்பு, கறுப்பு என்று பல நிறம் காட்டுகிறது. வடிகட்டிய தண்ணீரில் உப்பு கிடையாது. மின்சாரம் சரியாக ஓடாது. கம்பி கரையாது. ஆகவே நிறமும் மாறாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வாலிபரிடம், "தம்பி, உங்க தண்ணியிலேயும் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு, இன்னொரு தரம் செய்து காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் சாக்கடை போல ஆகி விடும்! (நீங்களாகக் கம்பியும் கரண்டும் வைத்து இதைச் செய்து பார்க்க வேண்டாம். "ஷாக்" அடிக்கும்.)

பெட்டியில் இருந்து அவர் எடுக்கும் அடுத்த ஆயுதம், பேனா போன்ற ஒரு கருவி. "டி.டி.எஸ். மீட்டர்" என்று பெயர். தண்ணீரில் கரைந்துள்ள உப்புக்களின் மொத்த அளவை அது எண்ணாகக் காட்டும். 800, 1,200 என்று எண் வந்தால் வீட்டில் உள்ளவர்கள் நடுங்கி விடுகிறார்கள்.

அதே கருவியை இளநீரில் விட்டால் எண் ஆயிரக் கணக்கில் போகும். அதற்காக இளநீர் விஷம் ஆகி விடுமா?

மறுபக்கம்தான் முக்கியம். சாக்கடை கலந்த தண்ணீர் 300 என்று காட்டினாலும் காட்டும். காரணம், அந்தக் கருவிக்கு உப்புதான் தெரியும். கிருமி தெரியாது. காலராக் கிருமி கோடிக் கணக்கில் நீந்தினாலும் அதன் எண் அசையாது.

வித்தை காட்டுபவர் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

3 எதிரிகள்

வீட்டுத் தண்ணீருக்கு எதிரிகள் மூன்று பேர். ஒருவர் கிருமி. இன்னொருவர் உப்பு. மூன்றாமவர் ரசாயன விஷம். மூவரும் வேறு வேறு வழியில் வருகிறார்கள். ஒருவரை விரட்டும் மருந்து மற்றவரிடம் பலிக்காது. தலைவலிக்கும் கால் வலிக்கும் ஒரே தைலம் தடவலாம். தண்ணீரில் அது நடக்காது.

கிருமி இன்றே ஆளைப் படுக்க வைக்கும். வாந்தி-பேதி, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் அந்த வழியில் வருபவை. மனிதக் கழிவு தண்ணீரில் கலப்பதுதான் காரணம். நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

உப்பு அப்படி அல்ல. வாயில் வைத்ததும் காட்டிக் கொடுத்து விடும். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு பிடிக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். அதைக் கண்டு அலறுபவர்கள், கண்ணுக்குத் தெரியாத கிருமியைச் சட்டை செய்வதில்லை.

ரசாயனம் எல்லா இடத்திலும் கிடையாது. இருக்கும் இடத்தில் அதற்கு வீட்டு வைத்தியமும் கிடையாது. தோல் பதனிடும் தொழில் நடந்த பல்லாவரம், குரோம்பேட்டை பகுதியில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆராய்ச்சிகளில் தெரிய வந்தது. 2013-ம் ஆண்டு தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் டீசல் வாடை வீசியது. பூமிக்கு அடியில் செல்லும் எண்ணெய்க் குழாயில் கசிவு! அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் என்ன ஆகும்? காய்ச்சக் கூடாது, தொடவே கூடாது. வேறு தண்ணீர் தேடுவது ஒன்றே வழி.

கணக்கு என்ன சொல்கிறது?

குடிதண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு அளவு வைத்திருக்கிறது. 1 லிட்டரில் கரைந்த உப்பு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக் கொள்ளலாம். அதாவது உப்பு விஷயத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கிறார்கள்.

கிருமி விஷயத்தில் விட்டுக் கொடுப்பதே இல்லை. 100 மில்லி தண்ணீரில், மலத்தில் இருந்து வரும் "ஈ கோலை" கிருமி ஒன்று கூட இருக்கக் கூடாது. ஒன்று கூட!

2019-ம் ஆண்டு நவம்பரில், அப்போது மத்திய உணவு மந்திரியாக இருந்த ராம்விலாஸ் பஸ்வான், பெரிய நகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்த முடிவை வெளியிட்டார். பம்பாயில் எடுத்த 10 மாதிரியும் தேறியது. சென்னையில் எடுத்த 10 மாதிரியும் தேறவில்லை. அது ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வந்த ஆண்டு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

குழாய் காலியானால்...

ஏரியில் இருந்து வரும் தண்ணீர் புழல், கீழ்ப்பாக்கம், செம்பரம்பாக்கம் போன்ற இடங்களில் சுத்தம் செய்யப்படுகிறது. வடிகட்டுகிறார்கள். குளோரின் சேர்க்கிறார்கள். அங்கிருந்து புறப்படும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். வழியில்தான் வம்பு.

சென்னையில் பல இடங்களில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுவது இல்லை. காலையில் கொஞ்ச நேரம் வரும். சில இடங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மற்ற நேரத்தில் குழாய் காலி. தண்ணீர் நிறைந்து அழுத்தத்துடன் ஓடும்போது, ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். காலியாக இருக்கும்போது தலைகீழ். வெளியே உள்ளது உள்ளே கசியும்!

வெளியே என்ன இருக்கிறது? பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவு நீர்க் குழாயும் அண்ணன்-தம்பி போல பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இரண்டுக்கும் வயதாகி விட்டது. இரண்டிலும் ஓட்டை. அப்புறம் சொல்ல வேண்டுமா?

இந்த வம்பை நாமே பெரிதாக்குகிறோம் என்பது பலருக்குத் தெரியாது. தெருக் குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று சிலர் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். விதிப்படி இதற்குத் தடை உண்டு. ஆனாலும் இரவோடு இரவாக நடக்கிறது. மோட்டார் உறிஞ்சும்போது, அக்கம் பக்கத்து மண்ணில் ஊறிக் கிடக்கும் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. மோட்டார் வைத்தவர் மட்டும் அல்ல. அடிபம்பில் குடம் பிடிக்கும் எதிர் வீட்டு ஏழையும் அதைத்தான் குடிக்கிறார்.

அடிபம்பு அடிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "முதல் தண்ணி கலங்கலா வரும், அதைக் கீழே விடு" என்பார்கள். மிக நல்ல பழக்கம். நின்று போய் வரும் முதல் தண்ணீரில்தான் வழியில் சேர்ந்த அழுக்கு எல்லாம் வருகிறது. முதல் ஒன்றிரண்டு குடத்தை வாசல் தெளிக்க, பாத்திரம் ஊற வைக்க எடுத்துக் கொண்டு, பிறகு வருவதைக் குடிக்கப் பிடிக்கலாம்.

"மருந்து நாத்தம்"

"மெட்ரோ தண்ணியிலே ஒரே மருந்து நாத்தம். குடிக்க முடியலே" என்று குறைபடுபவர்கள் நிறைய.

அந்த வாசனைதான் காவல்காரன்! வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது 1 லிட்டரில் 0.2 மில்லி கிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. வழியில் சாக்கடை கலந்தால் குளோரின் அதோடு சண்டை போட்டுத் தீர்ந்து விடும். நேற்று வரை வாசனை வந்த குழாயில் இன்று திடீரென்று வாசனையே இல்லை, தண்ணீரும் லேசாகக் கலங்கி வருகிறது என்றால், அன்றுதான் பயப்பட வேண்டும்.

வாசனை பிடிக்காவிட்டால் பாத்திரத்தில் பிடித்துச் சிறிது நேரம் மூடாமல் வைத்தால் போய் விடும். காய்ச்சினாலும் போய் விடும்.

தள தள

கிருமிக்குப் பாட்டி காலத்து வைத்தியமே இன்றும் ராஜ வைத்தியம். காய்ச்சுவது!

ஆனால் பல வீடுகளில் காய்ச்சுவது என்ற பெயரில் வெதுவெதுப்பாகச் சூடு காட்டி இறக்கி விடுகிறார்கள். கை பொறுக்கும் சூட்டில் கிருமி சாகாது. தண்ணீர் தள தள என்று கொப்பளித்துக் கொதிக்க வேண்டும். அப்படி 1 நிமிடம் கொதித்தால் போதும். காலராக் கிருமி, டைபாய்டு கிருமி, மஞ்சள் காமாலை வைரஸ் எல்லாம் காலி. அரை மணி நேரம் கொதிக்க விடுவது கேஸ் தண்டம்.

"கேஸ் விக்கிற விலையிலே தினமும் தண்ணி காய்ச்ச முடியுமா?" என்று கேட்பது நியாயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்க மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர். அதைக் கொதி நிலைக்குக் கொண்டு வரச் சுமார் 100 முதல் 120 கிராம் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை வேறு எதற்கும் தொடாமல் தண்ணீர் காய்ச்ச மட்டும் வைத்தால், ஏறத்தாழ 4 மாதம் வரும். ஒரு மாதத்துக்குக் கால் சிலிண்டர். மூடி போட்டுக் காய்ச்சினால் இன்னும் குறையும். இதே 10 லிட்டருக்குக் கேன் வாங்கினால் மாதம் 15 கேன். வீட்டுக்காரர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துக் கொள்ளலாம்.

கேசும் முடியாது என்றால் சூரியன் இருக்கிறார். நிறம் இல்லாத, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டிலில் கலங்கல் இல்லாத தண்ணீரை ஊற்றி, நல்ல வெயிலில் மொட்டை மாடியில் 6 மணி நேரம் படுக்க வைத்தால் கிருமிகள் பெருமளவு செத்து விடும். மேகம் மூடிய நாளில் 2 நாள் வைக்க வேண்டும். உலகம் முழுவதும் ஏழை நாடுகளில் இந்த முறை நடைமுறையில் உள்ளது. சென்னை வெயிலுக்கு என்ன பஞ்சம்?

படிகாரம், தேத்தாங்கொட்டை இரண்டும் கலங்கலைத் தெளிய வைக்கும். தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. தெளிய வைத்த பிறகும் காய்ச்சத்தான் வேண்டும். செம்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்தால் கிருமிகள் குறைகின்றன என்று ஆராய்ச்சியில் தெரிய வந்துள்ளது. பாட்டிமார் சும்மா வைக்கவில்லை! ஆனால் ஊரில் வாந்தி-பேதி பரவும் நேரத்தில் செம்பை மட்டும் நம்பி இருப்பது சரி அல்ல.

காய்ச்சினால் உப்பு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்ட, மிச்சத்தில் உப்பு கூடத்தான் செய்யும். "நைட்ரேட்" என்ற உப்பும் அப்படியே. செப்டிக் டாங்குக்குப் பக்கத்தில் போர் போட்ட வீடுகளில் இது அதிகம் இருக்கக் கூடும். 1 லிட்டரில் 45 மில்லி கிராமுக்கு மேல் போகக் கூடாது. புட்டிப்பால் குடிக்கும் கைக் குழந்தைக்கு, நைட்ரேட் நிறைந்த தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால், ரத்தத்தில் பிராண வாயு குறைந்து உடம்பு நீலம் பாரித்து விடும். கைக் குழந்தை உள்ள வீட்டில் போர் தண்ணீரைச் சோதிக்காமல் பாலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஆர்.ஓ. யாருக்கு வேண்டும்?

அப்படியானால் அந்த "டை" கட்டிய வாலிபர் விற்கும் ஆர்.ஓ. இயந்திரம் வீணா? வீண் அல்ல. உப்புக்கு அதுதான் மருந்து. போர் தண்ணீரை மட்டுமே நம்பி, வாயில் வைக்க முடியாத சவர்த் தண்ணீர் வரும் வீடுகளுக்கு ஆர்.ஓ. வேண்டியதுதான். நைட்ரேட்டையும் புளோரைடையும் கூட அது குறைக்கும்.

ஆனால் ஏரித் தண்ணீரும் வீராணம் தண்ணீரும் வரும் வீட்டில், உப்பு 500-க்குள் இருக்கும்போது, ஆர்.ஓ. எதற்கு? உப்பு 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் இந்த இயந்திரத்துக்குத் தடை போட வேண்டும் என்று தேசிய பசுமை தீர்ப்பாயம் 2019-ம் ஆண்டு மே மாதம் உத்தரவிட்டது. இயந்திரம் தயாரிப்பவர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள்.

தடைக்குக் காரணம் தண்ணீர் விரயம். 1 லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க, வீட்டு ஆர்.ஓ. 2 லிட்டர், 3 லிட்டர் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. குடத்துக்குக் குடம் சண்டை போடும் ஊரில்! ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் அந்தக் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விட்டுத் தரை துடைக்க, கக்கூசுக்கு ஊற்ற வைத்துக் கொள்ளலாம்.

இன்னொரு ரகசியமும் உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீரில் உள்ள குளோரினையும் எடுத்து விடுகிறது. காவல்காரன் போய் விட்டான். அந்த இயந்திரத்தின் தொட்டியில் நாள் கணக்கில் தண்ணீர் தங்கினால், அதில் கிருமி குடி ஏறலாம். "சர்வீஸ்" செய்து 2 வருடம் ஆன இயந்திரத்தை வைத்துக் கொண்டு, "எங்க வீட்டிலே ஆர்.ஓ." என்று பெருமை பேசுவதில் அர்த்தம் இல்லை.

உப்பு குறைவு, கிருமி பயம் மட்டும் உண்டு என்றால் புற ஊதாக் கதிர் விளக்கு வைத்த "யு.வி." இயந்திரம் போதும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் கதிர் ஊடுருவாது. கரண்டு போனாலும் அது வேலை செய்யாது. மெழுகுவர்த்தி போன்ற வெள்ளைக் "கேண்டில்" வைத்த பழைய பில்டர், மண்ணையும் தூசியையும் பிடிக்கும். அதில் இறங்கிய தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது.

கேன் நம்பிக்கை

நகரத்தில் பாதிக் கடைகளின் வாசலில் 20 லிட்டர் கேன் அடுக்கி இருக்கிறது. டீக்கடை, மெஸ், ஆபீஸ் எங்கும் கேன்தான். கேன் என்றால் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை.

பாட்டில் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் 2001-ம் ஆண்டு முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக இருந்தது. 2024-ம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே இந்தத் தண்ணீர், அதிகக் கண்காணிப்பு வேண்டிய "ஆபத்து மிகுந்த உணவு" பட்டியலில் சேர்க்கப்பட்டது. கேன் வாங்குபவர்கள் லேபிளில் 14 இலக்க உணவு உரிம எண், தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியின் "சீல்" உடையாமல் இருக்க வேண்டும். கேன் கீறல் விழுந்து பாசி பிடித்தது போல இருந்தால் திருப்பிக் கொடுத்து விடலாம். கடை வெயிலில் நாள் முழுவதும் காய்ந்த கேனும் வேண்டாம். லேபிளே இல்லாத கேனில், யார் வீட்டுப் போர் தண்ணீரோ, யார் கண்டது?

வீட்டுக்கு உள்ளேயே வில்லன்

தெருக் குழாயைத் திட்டுகிறோம். வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

அடுக்கு மாடி வீட்டில் மெட்ரோ தண்ணீர் முதலில் தரைக்கு அடியில் உள்ள "சம்ப்"பில் இறங்குகிறது. பக்கத்திலேயே கழிவு நீர்த் தொட்டி. நடுவில் ஒரு சுவர். அதில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? சம்ப் மூடி சரியாகப் பொருந்தாது. மழைத் தண்ணீர், கரப்பான், சில நேரம் எலி எல்லாம் உள்ளே. அங்கிருந்து மொட்டை மாடித் தொட்டிக்குப் போகிறது. அதன் மூடி போன புயலில் பறந்து போய் விட்டது. காக்கை வந்து குளிக்கிறது.

6 மாதத்துக்கு ஒரு தடவை இரண்டையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் பூசி, மறுபடி அலசி நிரப்ப வேண்டும். நிரப்பிய தண்ணீருக்கு 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். 10,000 லிட்டர் சம்பு என்றால் 25 கிராம். அதை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு கீழே படிந்ததும், மேலே உள்ள தெளிவை மட்டும் சம்பில் ஊற்ற வேண்டும். 1 மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் எடுக்கலாம். பவுடர் பொட்டலம் பிரித்து நாள் ஆகியிருந்தால் வீரியம் இருக்காது. புதிதாக வாங்க வேண்டும்.

மாதா மாதம் பராமரிப்புப் பணம் வாங்கும் சங்கச் செயலாளரிடம், "சார், சம்ப் கழுவி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். "லிப்ட்" நின்றால் அரை மணி நேரத்தில் ஆள் கூப்பிடும் சங்கங்கள், சம்ப் விஷயத்தில் வருஷக் கணக்கில் தூங்குகின்றன.

2015 டிசம்பர் வெள்ளத்தின் போதும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின் போதும் ஆயிரக் கணக்கான வீடுகளில் சம்புக்குள் தெருத் தண்ணீர் இறங்கியது. அந்த மாதிரி நேரத்தில், மேலே தெளிந்து விட்டது என்று ஒரு சொட்டு கூடக் குடிக்கக் கூடாது. முழுக்க இறைத்துக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

கடைசி வில்லன் நம் கை! காய்ச்சி ஆற வைத்த தண்ணீர்ப் பானைக்குள் டம்ளரை விட்டு மொள்ளும்போது, விரல்களும் தண்ணீரில் மூழ்குகின்றன. கக்கூஸ் போய் விட்டுச் சோப்புப் போடாமல் வந்த கை என்றால், காய்ச்சியது எல்லாம் வீண். நீளமான பிடி உள்ள மொள்ளும் கரண்டி, அல்லது அடியில் குழாய் வைத்த பாத்திரம் இருந்தால் போதும். அதிகச் செலவு இல்லை.

காமாலையின் தந்திரம்

வாந்தி-பேதி 1 நாள், 2 நாளில் தெரிந்து விடும். மஞ்சள் காமாலை தந்திரக்காரன். கெட்ட தண்ணீர் குடித்து 2 வாரத்தில் இருந்து 2 மாதம் வரை கழித்துத்தான் கண் மஞ்சள் ஆகும். அதற்குள் தண்ணீர் நன்றாகி விட்டிருக்கும். "தண்ணி நல்லாத்தானே வருது?" என்பார்கள். குற்றவாளி போன மாதத் தண்ணீர்! காமாலையில் "ஈ" என்று ஒரு வகை உண்டு. அது கர்ப்பிணிப் பெண்களின் உயிருக்கே ஆபத்து. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், எந்த இயந்திரம் இருந்தாலும் சரி, காய்ச்சிய தண்ணீர்தான் கொடுக்க வேண்டும்.

சென்னைக்குத் தண்ணீர் வழி வரும் நோய் புதிது அல்ல. 1992-ம் ஆண்டு உலகம் அதுவரை அறியாத புதிய வகை காலராக் கிருமி இந்த ஊரில்தான் முதலில் தலை காட்டியது. "ஓ-139" என்று அதற்கு எண். பின்னர் வங்காளம் வரை பரவியது. பெயர் மட்டும் "பெங்கால்" என்று ஆகி விட்டது. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி-பேதியால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. குடிநீரில் கழிவு நீர் கலந்ததே காரணம் என்று மக்கள் சொன்னார்கள். அதிகாரிகள் தரப்பில் மறுத்தார்கள்.

வீட்டில் யாருக்காவது பேதி கண்டால், டாக்டரிடம் போகும் வரை காத்திருக்காமல் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர். சர்க்கரை டீஸ்பூனில் தலை தட்டி 6. உப்பு தலை தட்டி அரை டீஸ்பூன். உப்பு இதற்கு மேல் கூடக் கூடாது. அரிசி கழுவிய தண்ணீர் போலப் பேதியானாலும், கண் குழி விழுந்தாலும், சிறுநீர் நின்றாலும் உடனே ஆஸ்பத்திரி. தண்டையார்பேட்டையில் தொற்று நோய் ஆஸ்பத்திரி உள்ளது.

எங்கே சோதிப்பது?

இலவசமாகக் கம்பி விட்டுக் காட்டுபவரை விட்டு விட்டு, தண்ணீரை உண்மையாகச் சோதிக்க இடம் உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர் பரிசோதனைப் பிரிவு இருக்கிறது. கிருமிச் சோதனைக்குக் கண்ட பாட்டிலில் தண்ணீர் கொண்டு போகக் கூடாது. பாட்டிலில் இருக்கும் கிருமி, தண்ணீரின் கணக்கில் சேர்ந்து விடும். பரிசோதனைக் கூடத்தில் கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்கி, அதில் பிடித்து, சீக்கிரம் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். உப்பு, கடினத் தன்மை, நைட்ரேட் மூன்றுக்கும் தனியாகச் சோதனை கேட்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கவும் ஒரு எளிய குப்பி உண்டு. உள்ளே மருந்து தடவிய காகிதம் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, 1 நாள், 2 நாள் வைக்க வேண்டும். தண்ணீர் கறுத்தால் மலக் கிருமி கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இந்தக் கறுப்பு நிஜமான கறுப்பு!

தெருக் குழாயில் சாக்கடை வாடை வந்தால் மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். "தண்ணி மோசம் சார்" என்று மட்டும் சொல்லி வைத்து விடாதீர்கள். எத்தனை மணிக்கு வந்த தண்ணீர், முதல் தண்ணீர் மட்டும் நாறுகிறதா, கடைசி வரை நாறுகிறதா, பக்கத்து வீட்டிலும் அப்படியா, எதிர் வரிசையிலும் அப்படியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் என்றால் கோளாறு அந்த வீட்டு இணைப்பில். தெரு முழுவதும் என்றால் தெருக் குழாயில். எங்கே தோண்டுவது என்று ஆட்களுக்குச் சீக்கிரம் தெரியும். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். குழாய் சரியாகி 2, 3 நாள் கழியும் வரை, அந்தத் தெருவில் வாய் கொப்பளிக்கக் கூடக் காய்ச்சிய தண்ணீர்தான்.